ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் தாளில் 40 கேள்விகள். நேரம் ஒரு மணித்தியாலம். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே தாள்தான். தேறினால் நல்ல பாடசாலையும் உதவிப்பணமும் கிடைக்கலாம். ஆனால் கணக்குத் தெரிந்த பிள்ளையும் நேரம் போதாமல் தவறிவிடுவதைப் பார்க்கிறோம்.

நாளைக்கு 19 கிலோ கொழுந்து. 6 நாளைக்கு எவ்வளவு? 20 என்று வைத்தால் 120. கூட வைத்த 6ஐக் கழித்தால் 114. நிறுவையில் நிற்கும் அம்மாமார் மனதுக்குள் போடுவதும் இதுதானே! இன்னொரு வழி: ஒன்பதாறு 54, ஆகவே விடை 4இல் முடியவேண்டும். 112, 114, 116 என்று தந்திருந்தால் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

பிடிபடாத கணக்கில் குந்திக்கொண்டிராமல், புள்ளி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் திரும்பி வரலாம். வாய்ப்பாடு பாடமில்லாவிட்டால் இதெல்லாம் ஓடாது. இரவு ரொட்டி சுடும்போது ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.