வாய்ப்புற்றைக் கண்டறிய உதவும் நீல ஒளி

"நீல விளக்கில் வாயைப் பார்த்தாலே புற்று தெரிந்துவிடுமாமே, பிறகு எதற்குச் சதை எடுக்க வேண்டும்?" என்று தேவாரம் பகுதியிலிருந்து வருவோர் பலர் கேட்கின்றனர். புகையிலையை அடக்கிக்கொண்டே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் மிகுந்த பகுதி இது. ஆகவே கேள்வி நியாயமானதே. சதை எடுப்பதை அந்த விளக்கு தவிர்க்காது. எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்பதைக் காட்ட உதவும்.

வாயின் உட்படலத்தின் அடியில் கொலாஜன் என்னும் இழைப்புரதம் உள்ளது. நீல ஒளி பட்டால் அதுவும் செல்களிலுள்ள சில பொருள்களும் வெளிர்பச்சையாக ஒளிரும். புற்றாக மாறத் தொடங்கும் இடத்தில் படலம் தடிக்கிறது, கொலாஜன் சிதைகிறது, இரத்த ஓட்டம் பெருகுகிறது. எனவே பச்சை மங்கி, அவ்விடம் கறுத்துத் தெரிகிறது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

ஆனால், கூரிய பல் உராய்ந்த சாதாரணப் புண்ணும் இதே போலக் கறுத்துத் தெரியும். ஏனெனில் இரத்தம் அந்த ஒளியை விழுங்கிவிடும். மாறாக, தடித்த வெண்படலம் சில வேளைகளில் பளிச்சென்றும் தெரியலாம். கறுப்பெல்லாம் புற்றன்று, பளிச்சென்று தெரிவதெல்லாம் நலமுமன்று.

மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில், ஒரு நிறுவனம் 2020இல் 'ஓரல்ஸ்கேன்' என்ற கைக்கருவியை வெளியிட்டது. அதுவும் திசு எடுக்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்கவே உதவுகிறது. அதே நகரின் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் தொடங்கிய ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வெறும் கண்ணால் மக்களின் வாயைப் பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியாயிற்று. நீல விளக்கு இல்லாத ஊரிலும் டார்ச்சும் கண்ணாடியும் உண்டல்லவா?

வாயை நன்கு கொப்பளித்துவிட்டு, புகையிலை அடக்கும் கன்னத்தையும் நாக்கின் ஓரங்களையும் அடிப்புறத்தையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெண்திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறப்பது குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாருங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற அச்சத்தால் சிலர் பயாப்ஸி என்றதும் வீடு திரும்பிவிடுகின்றனர். அந்த அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு மட்டுமே எடுக்கப்படும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. பரிசோதனைக்கு வரும் நாளில் வெற்றிலை போடாமல் வாருங்கள்.