பெரிய டயர் பூட்டுமுன் ரிம்மை அளந்து பாருங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் டிராக்டர் இன்று புதுமைப் பொருள் அன்று. மரவள்ளிக் கிழங்கைச் சவ்வரிசி ஆலைக்கு இழுத்துச் செல்வதும், கோடை மழைக்குப் பின் செம்மண்ணை உழுது போடுவதும் அதன் அன்றாடப் பணிகள் ஆகிவிட்டன. சில ஆண்டுகள் ஓடியபின் பின்சக்கர டயர்கள் தேய்ந்து, அவற்றை மாற்ற வேண்டிய வேளை வருகிறது. அப்போது வண்டிக்கு உரியவர் உள்ளத்தில் ஓர் ஆசையும் உடன் பிறக்கிறது. எப்படியும் புதிதாகத்தான் வாங்குகிறோம், இன்னும் சற்றுப் பெரிதாகவே வாங்கினால் என்ன என்பதே அவ்வாசை.

இந்த ஆசையைப் பேதைமை என்று ஒதுக்கிவிட இயலாது. அகன்ற டயர் ஈரமண்ணில் குறைவாகப் புதையும். உழவின்போது வழுக்கலும் குறையும். பள்ளம் மேடுகளில் வண்டியின் அடிவயிறு தரையில் தட்டாது. ரப்பர் டயரே டிராக்டருக்கு வந்து நூறு ஆண்டு ஆகவில்லை. அதுவரை பல் வைத்த இரும்புச் சக்கரமே வழக்கம். 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனியார் தம் 'யூ' வகை டிராக்டரைக் காற்றடைத்த டயருடன் விற்கத் தொடங்கினர். மறு ஆண்டே பார்னி ஓல்டுபீல்டு என்ற பந்தய வீரர் அவ்வகை டிராக்டர் ஒன்றை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். டிராக்டர் ஏன் அத்தனை வேகம் போகவேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை!

நிற்க. டயரை நாம் டிராக்டருக்கு வாங்குவதாக எண்ணுகிறோம். உண்மையில் அது உட்காரும் இடம் ரிம். கட்டை வண்டிக் காலத்தில் நம் கொல்லர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். மரச்சக்கரத்தின் சுற்றளவை அளந்து பார்க்காமல் எந்தக் கொல்லரும் இரும்புப் பட்டையை வெட்டியதில்லை. பட்டை சற்று நீண்டால் கழன்று விழும், மிகக் குறுகினால் காய்ச்சினாலும் ஏறாது. டயருக்கும் ரிம்முக்கும் உள்ள உறவு இதைவிடக் கண்டிப்பானது. ஏனெனில் இங்கே இடையில் காற்று இருக்கிறது.

பின்சக்கர டயரின் பக்கச்சுவரில் 12.4-28 என்பது போன்ற எண்களைக் காணலாம். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் அது ஏறவேண்டிய ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. நம் பக்கத்தில் ஓடும் 35, 40 குதிரைத்திறன் டிராக்டர்களில் பெரும்பாலும் 12.4-28 அல்லது 13.6-28 டயர்களே பின்னால் இருக்கும். அதற்கு அடுத்த படி 14.9-28. சில டயர்களில் 12.4/11-28, 13.6/12-28 என்று இடையே மற்றோர் எண்ணும் இருக்கும். அது அந்த அளவுக்குப் பழைய நாளில் வழங்கிய பெயர்.

விட்டத்தில் எவ்விதச் சலுகையும் இல்லை. 28 அங்குல டயர் 28 அங்குல ரிம்மில் மட்டுமே உட்காரும். அரை அங்குலம்தானே என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சிறு லாரிகளுக்கு 16 அங்குல ரிம்மும் 16.5 அங்குல ரிம்மும் ஒருசேர வழக்கில் இருந்தன. 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் நெம்பி ஏற்றிவிட முடிந்தது. ஆனால் அதன் உள்விளிம்பு தன் இருக்கையில் அமரவில்லை. அமரட்டும் என்று மேலும் மேலும் காற்றை ஏற்ற, விளிம்பினுள் இருக்கும் எஃகுக் கம்பி அறுந்து டயர் வெடித்தது. இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. அதன் பின்னரே அவ்வகை டயர்களின் பக்கச்சுவரில் எச்சரிக்கை அச்சிடும் வழக்கம் வந்தது. நம் ஊரில் டிரெய்லர்ச் சக்கரங்களில் 15 அங்குலமும் 15.3 அங்குலமும் உண்டு என்பதை நினைவில் கொள்க.

அகலத்தில் ஓரளவு சலுகை உண்டு. ரிம்மில், பெரும்பாலும் வால்வுத் துளையின் அருகே, டபிள்யூ 11 x 28 என்பது போல் அச்சு அடித்திருப்பார்கள். துருவைச் சுரண்டினால் தெரியும். இந்த 11 என்பது ரிம்மின் உள் அகலம். 12.4-28 டயருக்கு 11 அங்குல ரிம் பொருத்தம், 10 அங்குலம் அனுமதிக்கத்தக்கது. 13.6-28 டயருக்கு 12 பொருத்தம், 11 அனுமதி. 14.9-28 டயருக்கு 13 பொருத்தம், 12 அனுமதி. ஆகவே 11 அங்குல ரிம் உள்ளவர் 12.4 இலிருந்து 13.6 க்கு ஒரு படி ஏறலாம். அதே ரிம்மில் 14.9 க்கு இரண்டு படி தாவுதல் ஆகாது. இந்தக் கணக்கைக் கடைக்காரர் சொல்லக் கேட்பதைவிட, டயர்க் கம்பெனியின் அட்டவணையை வாங்கிப் பார்த்துக்கொள்வதே நன்று.

அச்சு எழுத்து அழிந்து போயிருந்தால் அளந்துதான் ஆகவேண்டும். இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில். ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை நாடாவைப் பிடித்தால் 28 அங்குல ரிம் ஏறத்தாழ 30 அங்குலம் காட்டும். விளிம்பு ஓர் அங்குலம் உயர்ந்து நிற்பதே காரணம். டயர் உட்காரும் இருக்கையின் விட்டமே கணக்கு. அகலமும் அப்படியே, இரு விளிம்புகளின் உட்புறத்துக்கு இடையே அளக்கவேண்டும்.

குறுகிய ரிம்மில் அகன்ற டயரைப் பூட்டினால் என்ன கேடு? டயரின் இரு விளிம்புகளும் நெருங்கி வருவதால் தரையில் படும் பாகம் தட்டையாக இராமல் உருண்டு மேடாகிறது. நடுப்பட்டை மட்டும் மண்ணில் பட்டு விரைவில் தேய்கிறது. ஓரப் பற்கள் புதிதாகவே இருக்கும். எந்த அகலத்துக்காகப் பணம் கொடுத்தோமோ அந்த அகலம் நிலத்தைத் தொடுவதே இல்லை. அதோடு பக்கச்சுவர் பலூன் போல் பிதுங்கி, டிரெய்லர் பாரத்துடன் வளைவில் திரும்பும்போது வண்டியை ஆட்டும். அகன்ற ரிம்மில் குறுகிய டயர் என்றால் நிலைமை தலைகீழ். பக்கச்சுவர் இழுபட்டு விறைத்து, பக்கவாட்டு அழுத்தம் வரும்போது உள்விளிம்பு கழன்றுவிடக் கூடும். நெசவாளர் இதை எளிதில் உணர்வர். நூலின் எண்ணுக்கு ஒவ்வாத அச்சுப் பல்லில் பாவைக் கோத்துவிட்டுத் துணி சரியாக வரவில்லை என்று தறியை நோவதில் பயன் இல்லை அல்லவா?

ரிம் போதவில்லை என்றால் அதை வட்டமாக அறுத்து, இடையே இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து அகலப்படுத்தித் தரும் பட்டறைகளும் உண்டு. இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பற்றவைப்பின் கோணல் கண்ணுக்குத் தெரியாது; பாரத்தில்தான் தெரியும். கீறல் விட்ட ரிம்மை, டயரைக் கழற்றாமல் அப்படியே பற்றவைப்பதோ உயிருக்கே ஆபத்து. காற்றை இறக்கிவிட்டாலும் உள்ளே சூட்டில் ரப்பரிலிருந்து எழும் ஆவி தீப்பற்றி டயர் வெடிக்கும். டயரையும் டியூபையும் முற்றிலும் கழற்றிய பின்னரே ரிம்மின் அருகே நெருப்பைக் கொண்டுபோக வேண்டும்.

ரிம் பொருந்திவிட்டது என்றே கொள்வோம். பெரிய டயரால் வண்டியில் வேறு என்ன மாறுகிறது? 12.4-28 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 1260 மில்லிமீட்டர், 13.6-28 க்கு 1310, 14.9-28 க்கு 1365. ஒரு படி ஏறினால் விட்டம் 4 சதவிகிதம் கூடுகிறது. அச்சு ஓர் அங்குலம் உயர்கிறது. எஞ்சின் அதே சுற்றில் சுழன்றாலும் வண்டி 4 சதவிகிதம் விரைந்து ஓடும். இழுவிசை அந்த அளவுக்குக் குறையும். ரோட்டவேட்டர் அதே வேகத்தில் சுழல வண்டி மட்டும் முந்துவதால், மண் சற்றுப் பருக்கட்டியாக விழும். இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் இரண்டு படி தாவினால் வித்தியாசம் 8 சதவிகிதத்தைத் தாண்டும். 35 குதிரைத்திறன் வண்டிக்கு 14.9 டயர் போடுவது, எம் கருத்தில், பார்வைக்கு மட்டுமே பெருமை. பரமத்தி வேலூர்ப் பக்கத்து நெல் வயல்களில் சேறு கலக்குவோர் மற்றொன்றும் கவனிக்கவேண்டும். பழைய டயருக்கு அளந்து செய்த கேஜ் வீல் புதிய டயரின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளடங்கி நிற்கும். அதன் பிடிப்பு அந்த அளவுக்குக் குறையும்.

வரிசைப் பயிர் வைப்போர் அகலத்தையும் எண்ணவேண்டும். மூன்றடி இடைவெளியில் நட்ட மரவள்ளிக்குள் 12.4 டயர் சென்றால் இருபுறமும் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் மிஞ்சும்; 14.9 டயருக்கு 26 தான் மிஞ்சும். பார் பிடித்த வயலில் இந்த மூன்று சென்டிமீட்டர் பாரின் சரிவைச் சிதைத்துவிடும். மஞ்சள் பார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருப்போருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவ்வகை வண்டியில் முன்சக்கரமும் பின்சக்கரமும் பற்சக்கரங்களால் ஒரே கணக்கில் பிணைக்கப்பட்டுள்ளன. முன்சக்கரம் சிறிதளவு முந்தி இழுக்கும்படி தொழிற்சாலையிலேயே அமைத்திருக்கிறார்கள். அந்த முந்துதல் சில சதவிகிதமே. பின்னால் மட்டும் 4 சதவிகிதம் பெரிய டயரைப் போட்டால் அது முழுதும் மறைந்து, முன்சக்கரங்கள் இழுப்பதற்குப் பதில் பின்னிழுக்கத் தொடங்கலாம். டயர் தேய்வதோடு, பல ஆயிரம் ரூபாய் பெறும் பற்சக்கரங்களும் பாழாகும். சோதிக்க எளிய வழி உண்டு. கெட்டித் தரையில் பின்சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று உருளும் வரை, நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஒரு முறையும், எடுத்து ஒரு முறையும் ஓட்டுக. இரு முறையும் முன்சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு இட்டு அதன் சுற்றுகளை எண்ணுக. இழுவை போட்டபோது முன்சக்கரம் சற்று அதிகம் சுற்றவேண்டும். குறைவாகச் சுற்றினால் பின்டயரைப் பழைய அளவுக்கு மாற்றுக, அல்லது முன்டயரையும் உடன் மாற்றுக.

இனி காற்றடைத்தல். உள்விளிம்பில் சோப்பு நீர் தடவுக. கிரீஸ் ரப்பரை அரிக்கும். நீண்ட குழாய் வைத்து, டயரின் முன்னே நில்லாமல் ஒதுங்கி நின்று காற்றைப் பிடிக்கவேண்டும். விளிம்பு உட்காரச் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டுக்கு மேல் பின்டயரில் ஏற்றலாகாது. அதற்குள் உட்காராவிட்டால் காற்றை முழுதும் இறக்கி, மறுபடி சோப்பு தடவித் தொடங்குக. வெடித்த டயர்களிற் பல, இன்னும் இரண்டு பவுண்டு ஏற்றிப் பார்ப்போம் என்ற பொறுமையின்மையால் வெடித்தவையே. உட்கார்ந்தபின், வேலைக்குரிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மிகவும் குறைத்தால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபின் வால்வைப் பிய்த்துவிடும்.

மலையடிவார அங்கத்தினர்கள் ஜீப்பைப் பற்றிக் கேட்கக் கூடும். மகிந்திரா கம்பெனியார் 1940 களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16, ரிம்மின் அகலம் நாலரை அங்குலம். அவ்வகைப் பழைய ஜீப்புக்கு 7.00-16 போட விரும்புவோர் ஐந்தரை அங்குல ரிம்மைத் தேடுதல் நலம். சக்கரம் ஏறத்தாழ 6 சதவிகிதம் பெரிதாவதால், மீட்டர் 50 காட்டும்போது வண்டி 53 இல் ஓடும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும். இறக்கத்தில் பிரேக்குக்கு அதே அளவு வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் சட்டத்தில் உரசக்கூடும். உரசாமலிருக்க ஸ்டியரிங் திரும்பும் அளவைக் குறைத்துவிட்டால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்வாங்கித் திரும்பும்படி ஆகும். பாரம் ஏற்றி இறங்குகையில் அது சிறு சங்கடம் அன்று. மேலும், 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தில் உள்ள அளவுகளுக்குள் நிற்பதே உத்தமம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டிராக்டரின் முன்டயரும் பெரும்பாலும் 6.00-16 தான். எண் ஒன்றாயிருக்கிறதே என்று அதை எடுத்து ஜீப்பில் மாட்டலாகாது. அது மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்யப்பட்டது. தார்ச்சாலை வேகத்தில் சூடேறிப் பிளந்துவிடும். நாலு டயரையும் மாற்றியவர் ஸ்டெப்னியையும் அதே அளவில் மாற்றவேண்டும். மலைப்பாதையில் பஞ்சராகிப் பழைய சிறு டயரைப் பூட்டிக்கொண்டு, நான்கு சக்கர இழுவையையும் போட்டு ஓட்டினால், அன்றைக்கே பற்சக்கரப் பெட்டி ஓலமிடத் தொடங்கும்.