கறுப்பில் தீட்டி நீலம் எடுப்பவர்கள்

ஜப்பானின் கியூஷு தீவில், சாகா மாகாணத்து அரிதா என்ற சிற்றூர் நீல வெள்ளைப் பீங்கானுக்குப் பேர்போனது. ஆனால் அங்கே தேநீர்க் கிண்ணத்தில் மூங்கிலும் மலையும் தீட்டுபவரின் தூரிகையில் நீலமே இருக்காது. 'கோசு' என்னும் அந்தக் கனிம மை கருஞ்சாம்பல் நிறம். தீட்டி முடித்த கிண்ணத்தை மெருகுக் குழம்பில் முக்கி எடுத்தால், காய்ந்த வெள்ளைப் பூச்சு ஓவியத்தையே மறைத்துவிடும். நீலம் எப்படி வந்திருக்கிறது என்பது சூளையைத் திறந்த பிறகுதான் தெரியும்.

இந்த மாயத்தைச் செய்வது கோபால்ட். கோசுவில் அதனுடன் மாங்கனீசும் இரும்பும் கலந்திருக்கும். மையின் கருமைக்கு இவற்றின் ஆக்சைடுகளே காரணம். சுமார் 1300 டிகிரி செல்சியஸில் மெருகு உருகிக் கண்ணாடியாகும்போது கோபால்ட் அதில் கரைகிறது. ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன. இந்த அமைப்பு, ஒளியிலுள்ள மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளை விழுங்கிவிடுகிறது. எஞ்சும் நீலம் நம் கண்ணை எட்டுகிறது. கண்ணாடியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான கோபால்ட் இருந்தாலே போதும், ஆழ்ந்த நீலம் கிடைத்துவிடும்.

இவ்வளவு சூட்டைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில. அதனால்தான் சிவப்பையும் மஞ்சளையும் மெருகின் மேல் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுகிறார்கள். நீலமோ மெருகுக்கு அடியிலேயே கிடப்பதால், எத்தனை முறை கழுவினாலும் தேய்வதில்லை.

தீட்டுவதும் எளிதல்ல. முதல் சூட்டில் வெந்த கிண்ணம் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும்; தப்பிய கோட்டைத் திருத்த வழியில்லை. மெல்லிய தூரிகையால் வெளிக்கோடு வரைந்தபின், 'தாமி' என்ற முறையில் உள்ளே நிரப்புகிறார்கள். நீர்த்த மையில் தோய்ந்த பருத்த தூரிகையிலிருந்து மையை வழியவிட்டு, தேங்கும் குளத்தை நகர்த்தியபடியே மிச்சத்தை உறிஞ்சி எடுப்பார்கள். மை தடித்த இடம் கருநீலமாகும், நீர்த்த இடம் வெளிர்நீலமாகும். தீட்டுபவர் சாம்பல் நிறத்தைப் பார்த்து நீலத்தைக் கணக்கிட வேண்டும். சூளையில் ஆக்சிஜனைக் குறைத்து எரிப்பதும் முக்கியம். அப்போதுதான் மெருகிலுள்ள துளி இரும்பு மஞ்சளாகத் தெரியாமல், வெண்மைக்கு மெல்லிய நீலச் சாயல் தரும்.

இந்தக் கலையின் வேர் கொரியாவில் இருக்கிறது. 1592 முதல் 1598 வரை கொரியாமீது படையெடுத்த ஜப்பானியப் பிரபுக்கள் அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான ரீ சம்பெய் 1616 வாக்கில் அரிதாவின் இசுமியாமாவில் பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார் என்பது அவ்வூர் மரபு. 1644-இல் மிங் ஆட்சி வீழ்ந்த குழப்பத்தில் சீனச் சரக்கு குறைய, டச்சு கிழக்கிந்திய கம்பெனி 1659-இல் அரிதாவிடம் பெருமளவில் கொள்முதல் செய்தது. இமாரி துறைமுகம் வழியே போனதால், ஐரோப்பாவில் அந்தப் பீங்கான்களுக்கு 'இமாரி' என்றே பெயர் நிலைத்தது.

இத்தனை காலமும் கோசு சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1870-இல் அரிதாவுக்கு வந்த ஜெர்மானிய வேதியியலாளர் காட்ஃப்ரீட் வாகனர், சுத்திகரித்த கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். நீலம் பளிச்சென்று, எங்கும் ஒரேபோல் வந்தது. பழைய கிண்ணங்களின் அடங்கிய நீலத்துக்குக் காரணம், சுத்தமாகாத கோசுவில் கலந்திருந்த மாங்கனீசும் இரும்பும்தான்.

கையால் தீட்டியதா அச்சா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே ஓவியம் கொண்ட இரண்டு கிண்ணங்களை அருகருகே வையுங்கள். கோட்டின் தடிமன் மாறி, நீலம் ஓரிடத்தில் அடர்ந்து ஓரிடத்தில் வெளிறி, இரண்டும் சற்றே வேறுபட்டிருந்தால் அது கைவேலையாக இருக்கலாம். இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தால் அது அச்சுதான்.