ஹைட்ரஜனுக்கும் பாக்கி நோட்டு!

பி.காம். படித்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே ரசாயனம், டீக்கடை டிக்காஷன்! ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் மிஞ்சும், கரும்புகையே கிடையாது என்று படித்து, 'அடடா, சொக்கத் தங்கம்' என்று புல்லரித்துப் போயிருந்தேன்.

அப்புறம்தான் அமெரிக்க விதி ஒன்று கண்ணில் பட்டது.

அங்கே பெரும்பாலான ஹைட்ரஜன் இயற்கை வாயுவிலிருந்துதான் வருகிறது. மீத்தேனோடு நீராவியைச் சேர்த்துச் சூடேற்றினால் ஹைட்ரஜன் கிடைக்கும். கூடவே கரியமில வாயுவும்! கணக்குப் போட்டுப் பார்த்தேன் ஸார்... ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஐந்தரை கிலோ. உலையை எரிக்கிற புகை தனி!

2009-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதி போட்டது. வருஷத்துக்கு 25,000 டன்னோ, அதற்கு மேலோ வெளியேற்றும் ஹைட்ரஜன் ஆலை, மார்ச் 31-க்குள் முந்தின வருஷக் கணக்கைத் தர வேண்டும். மார்ச் 31! ஆடிட்டர் ஆபீஸ் ஞாபகம் வருகிறதா?

முறையும் நம்ம பேரேடு மாதிரிதான். புகைபோக்கியில் கருவி வைத்து அளக்கலாம். இல்லையா, உள்ளே போன வாயுவில் எத்தனை கார்பன் என்று எழுதணும். உள்ளே போனது வெளியே வந்துதானே ஆகணும்? பற்றுக்கு வரவு!

புகையைக் குறைக்கச் சொல்லவில்லை. எழுதிக் கொடு, அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் அதே முகமை, பெரும்பாலான ஆலைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம் என்று யோசனை வெளியிட்டது. செலவு மிச்சமாம்!

டீக்கடை அண்ணாச்சியின் பாக்கி நோட்டு தொலைந்தால் எனக்கும் மிச்சம்தான். அதற்காக, குடித்த டீ குடிக்காததாகி விடுமா ஸார்?