மட்டாஞ்சேரிச் சுவரும் வைஃபை அலையும்

கொச்சி மட்டாஞ்சேரியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தமிழர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். ஃபோர்ட் கொச்சிச் சலவைத்துறையில் தலைமுறைகளாகத் தொழில் புரிவோரும் தமிழரே. ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் கைப்பேசியில் காணும்போது படம் உறைந்து, குரல் அறுந்துபோனால், விரைவு மிகுந்த இணைப்புக்குக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டுமோ என்று எண்ணுகிறோம். பல வீடுகளில் குறை இணைப்பில் இல்லை, சுவரில் இருக்கிறது.

வைஃபை என்பதும் வானொலி அலையே. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மின்காந்த அலையைச் சுவரின் ஊடே செலுத்தி, அப்பால் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார். அலை சுவரைக் கடக்கும். ஆயின் கடக்குந்தோறும் வலிமை குன்றும். இங்குள்ள பழைய வீடுகளின் சுவர்கள் தடித்த வெட்டுகல்லால் ஆனவை. பருவமழையில் அவை ஈரம் உறிஞ்சினால், அந்நீர் அலையின் ஆற்றலை மேலும் விழுங்கும். இரும்பு அலமாரியோ அலையைத் திருப்பிவிடும்.

வைஃபையில் பெரிதும் வழங்கும் அலைவரிசைகள் இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுடையது, சுவரை ஓரளவு நன்கு கடக்கும், விரைவு குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளமுடையது, விரைவு மிகுதி, சுவருக்கு அப்பால் விரைவில் தளரும். நெருங்கிய தெருக்களில் அண்டை வீட்டுப் பெட்டிகளும் 2.4 அலைவரிசையையே பயன்படுத்துவதால், ஒன்றுக்கொன்று காத்திருந்தே பேச நேரிடும்.

இன்னொன்றும் உண்டு. கைப்பேசித் திரையில் தெரியும் கோடுகள், ரௌட்டர் பெட்டியின் குரல் நம்மை எட்டுவதை மட்டுமே காட்டும். மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிடும் கைப்பேசியின் குரல் பொதுவாக மெலிந்தது. அது பெட்டியை எட்டாமற் போகலாம்.

ஆகவே முதலில் பெட்டியின் அருகே நின்று வேகத்தை அளந்து பாருங்கள். பின்னர் உள்ளறையில் அளந்து பாருங்கள். அருகிலேயே வேகம் குறைந்திருந்தால் இணைப்பு தருவோரிடம் முறையிடலாம். உள்ளறையில் மட்டும் குறைந்தால், பெட்டியை வீட்டின் நடுவே, மார்பளவு உயரத்தில், அலமாரிக்கு வெளியே வையுங்கள். ஒரே அறையில் 5, சுவருக்கு அப்பால் 2.4 எனத் தேர்ந்துகொள்ளுங்கள். அதுவும் போதாதெனின், உள்ளறைவரை கம்பி இழுத்து இரண்டாவது பெட்டி ஒன்றை வைக்கலாம். அச்செலவு ஒரு முறைதான். கூடுதல் கட்டணமோ மாதந்தோறும் தொடரும்.