பேனல் கிளினிக் தொலைவில் இருந்தால்…

பெரட்டு முடிந்து செம்பனை வெட்டச் சென்ற தொழிலாளி ஒருவரின் கண்ணில் முள் பாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அண்மையில் ஒரு தனியார் கிளினிக் உண்டு. ஆயினும், அது சொக்சோவின் பேனல் கிளினிக் அன்று. “அங்குப் போனால் நம் பணந்தான் போகும்” என்று உடனிருப்போர் தயங்குகின்றனர். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு கிளினிக்கிற்கும் மற்றொன்றிற்கும் இடையே உள்ள தொலைவை அறிந்தவர்களுக்கு அத்தயக்கத்தின் விலை விளங்கும். கண் காத்திருக்காது.

1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வேலையின்போது காயமுற்றவர் குணமாகும்வரை சொக்சோவின் பேனல் கிளினிக்கிலோ அரசாங்க மருத்துவமனையிலோ இலவசமாகச் சிகிச்சை பெறலாம். பேனல் கிளினிக் என்பது சொக்சோவுடன் ஏற்பாடு செய்துகொண்ட கிளினிக். அங்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. பேனலில் சேராத கிளினிக்கில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றாலும் அப்பணத்தைத் திரும்பக் கோரலாம். கட்டியவர் தொழிலாளியாயினும் முதலாளியாயினும் அவ்வுரிமை உண்டு.

ஆனால், ஒன்றைக் கவனிக்கவேண்டும். சொக்சோ தனது கட்டண அட்டவணைப்படியே பணத்தைத் திருப்பித் தரும். கிளினிக் கேட்ட தொகை முழுவதும் கிடைக்கும் என்று நம்பிவிடலாகாது. ஆகவே, முதலுதவி முடிந்தவுடன், தொடர் சிகிச்சைக்குப் பேனல் கிளினிக்கிற்கோ தஞ்சோங் காராங் போன்ற அரசாங்க மருத்துவமனைக்கோ மாறிக்கொள்வதே நலம். உயிருக்கு ஆபத்தான காயமாயின் கிளினிக்கைத் தேடவே வேண்டாம். 999ஐ அழைத்து அரசாங்க மருத்துவமனைக்கே செல்லுங்கள்.

பலர் ஏமாறுவது சட்டத்தால் அன்று, ரசீதால். சிகிச்சை முடிந்த களைப்பில் அது சட்டைப்பையோடு துணி துவைக்கும் வாளிக்குப் போய்விடுகிறது. பெயர், தேதி, காயத்தின் விவரம், கட்டிய தொகை ஆகியவை தெளிவாக எழுதப்பட்ட ரசீதையும் மருத்துவ விடுப்புச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். தண்டலிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு நில்லாமல், தோட்ட அலுவலகத்தில் அன்றே பதிவு செய்யுங்கள். விபத்தை 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டியது முதலாளியின் கடமை. விபத்து நாள் உட்பட குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்புக் கிடைத்தால், அந்நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவித்தொகையாகக் கிடைக்கும்.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் இப்பாதுகாப்பு உண்டு. போலீஸ் புகார் செய்திருப்பது அவசியம். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் இத்திட்டத்தில் உள்ளனர்.

மனைவி மக்களுக்கு இது பொருந்தாது. லயத்தில் விளையாடும் குழந்தையைப் பாம்பு தீண்டினால் சொக்சோ பணம் தராது. குழந்தையை நேராக அரசாங்க மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட்.