மெட்டுக்கட்டும் பொறியும் மெட்டின் உரிமையும்

சுரக்கூட்டுகள் சிலவற்றையும் தாளக்கட்டு ஒன்றையும் கொடுத்தால் மெட்டொன்றைத் தானாகவே இயற்றித் தரும் மென்பொருள்கள் இன்று கையடக்கத் தொலைபேசி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. இவை பற்றி எழும் சர்ச்சைகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே சுழல்கின்றன: பொறி படைக்குமா? படைக்கும் என்போர் மனித ஆற்றலின் எல்லை தகர்ந்துவிட்டதென வியக்கின்றனர். படைக்காது என்போர் கலைஞனின் ஆன்மாவைத் துணைக்கழைக்கின்றனர். மெட்டு என்பது தனிமனித உள்ளத்தில் காரணமின்றிச் சுரப்பதொன்று என்னும் எடுகோள் இரு சாராருக்கும் பொதுவாயிருப்பதே விந்தை. இவ்வெடுகோளை ஏற்றுக்கொண்டு தொடங்கும் விவாதம் எத்திசையிற் சென்றாலும் கருத்துமுதல்வாதத்திலேயே போய் முடியும். எமது பிரதேசத்து இசை வழக்காறுகளை முன்வைத்து இதனைச் சற்று நோக்குவது பயனுடைத்து.

அண்மையில் மன்னார்ப் பெருநிலத்தின் வட எல்லையிலுள்ள வெள்ளாங்குளத்திற்குச் சென்றிருந்தபோது, கோவிற் பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் திருநாளுக்கெனப் புதுப்பாடல் ஒன்றைத் தொலைபேசியில் ஆக்கிக்கொண்டிருந்தமையைக் கண்டோம். நான்கு சுரக்கூட்டுகளைத் தெரிந்தார்; தாள வகையொன்றைத் தெரிந்தார்; பொத்தானை அமுக்கினார். மெட்டு வந்தது. பிடிக்கவில்லை. மீண்டும் அமுக்கினார். ஏழோ எட்டோ மெட்டுகளின் பின் ஒன்றை ஏற்றுக்கொண்டார். அருகிலிருந்த முதியவர் முன்னாளிற் கூத்தாடியவர். 2008 இல் போர் அவ்வழி வந்தபோது பாட்டுக் கொப்பிகளை வீட்டோடு விட்டுவிட்டு ஓடியவர். "இது எங்கட கூத்துக்காரர் செய்த வேலைதானே, இதில என்ன புதினம்?" என்றார் அவர். அவருடைய கூற்றில் ஆய்வுக்குரிய உண்மை ஒன்று பொதிந்திருந்தது.

முதலில் பொறியின் செய்முறையைக் காண்போம். மேலைத்தேய இசையிலே கோர்ட் எனப்படுவது ஒரே வேளையில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. சங்கராபரணச் சுரங்களை வைத்துக்கொண்டால் ச-க-ப ஒரு கூட்டு, ப-நி-ரி இன்னொன்று, த-ச-க மூன்றாவது, ம-த-ச நான்காவது. இந்நான்கும் இதே வரிசையில் அமைந்த மேலைத்தேயச் சனரஞ்சகப் பாடல்கள் எண்ணிறந்தன. மென்பொருள் செய்வது யாதெனில், தாளத்தின் வன்மையான அடிகளிலே அவ்விடத்துக் கூட்டிலுள்ள மூன்று சுரங்களுள் ஒன்றை நிறுத்துவது; மென்மையான அடிகளிலே அயற்சுரங்களைக் கடந்து செல்ல விடுவது; தோன்றிய சிறு சொற்கட்டொன்றை மீளச் சொல்வது அல்லது ஒரு படி ஏற்றியோ இறக்கியோ சொல்வது. ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு வன்மையான அடிகள் எனின் எட்டு இடங்கள். ஒவ்வோரிடத்திலும் மூன்று தெரிவுகள். 6,561 எலும்புக்கூடுகள் இப்போதே கிடைத்துவிடுகின்றன. இவற்றுள் எதனைத் தெரிவதென்பதைப் பழைய மென்பொருள்கள் எழுதிவைத்த விதிகளைக் கொண்டு தீர்மானித்தன. புதியவை ஏராளமான பாடல்களை ஆராய்ந்து, எச்சுரத்தின் பின் எச்சுரம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைக் கணித்துக்கொள்கின்றன.

மேலை நாட்டில் இம்முயற்சியின் வரலாறு நீண்டது. 1757 இல் கிர்ன்பெர்கர் என்னும் ஜெர்மானியர் பகடை உருட்டி நடன இசை ஆக்கும் முறையொன்றை அச்சிட்டார். கணிக்கும் பொறி இசையையும் இயற்றக்கூடும் என 1843 இல் ஏடா லவ்லேஸ் எழுதினார். 1957 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் கணினியைக் கொண்டு நால்வர் வாசிக்கும் தந்தியிசை ஒன்றை உருவாக்கினர். கணினி எழுந்தமானமாக எண்களைப் பிறப்பிக்கும், இசையிலக்கண விதிக்கு முரணானவை கழிக்கப்படும், எஞ்சியது இசை. 1990 இல் விற்பனைக்கு வந்த 'பேண்ட் இன் எ பாக்ஸ்' என்னும் மென்பொருள், சுரக்கூட்டின் பெயர்களைத் தட்டச்சிட்டதும் பக்கவாத்தியம் முழுவதையும் தானே வாசித்தது.

இதனை மேலை நாட்டவரின் பொறிப் பித்து என ஒதுக்கிவிடுவோர் எமது மரபை அறியாதோரே. 13ஆம் நூற்றாண்டிற் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம் சுரப் பிரஸ்தாரத்தை விரிவாகக் கூறுகின்றது. ஏழு சுரங்களையும் ஒருமுறையே வருமாறு அடுக்கினால் 5,040 வரிசைகள் பிறக்கும். இவற்றுள் இத்தனையாவது வரிசை எது எனக் கேட்டால், எல்லாவற்றையும் எழுதிப் பாராமலே விடை காண்பதற்குக் கண்டமேரு என்னும் எண் அட்டவணையையும் அந்நூல் தருகின்றது. கணினி வல்லுநர் இன்று செய்வதும் இவ்வகையினதே. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களைக் கணக்கிட்டுக் காட்டியபோது, அவற்றுள் 19 மாத்திரமே வழக்கில் உள்ளனவாகக் கூறினார். ஏனைய கட்டங்கள் வெறுமையாயிருந்தன. அவற்றைப் பின்வந்த இசைவாணர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி நிரப்பினர். 72 மேளங்களிலும் தமிழிற் கீர்த்தனை செய்த கோடீசுவர ஐயர் 20ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர். கணக்கு ஒரே நாளில் முடிந்தது. அதனைச் செவிக்குரியதாக்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன. இவ்விடைவெளியை மனங்கொள்ளுதல் வேண்டும்.

ஏட்டு மரபை விடுத்து உழைக்கும் மக்களின் மரபுக்கு வருவோம். வெள்ளாங்குளத்தை அடுத்துள்ள தேவன்பிட்டி முதலாய கரையோர ஊர்களின் உழைப்பு வாழ்வோடு பிணைந்தது அம்பாப் பாடல். கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடுவர். வலை கனக்கும்போது நடை மெதுவாகும். மடி கரையை நெருங்கும்போது விரைவுபெறும். அடியெடுப்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடுகின்றார். ஆயினும் அவரது கையிருப்பிலுள்ளவை தயார்நிலைத் தொடர்களும் பழகிய சுர அசைவுகளுமே. உழைப்பின் கூட்டசைவிலிருந்து சந்தம் பிறந்தது என்னும் கோட்பாட்டை ஜோர்ஜ் தொம்சன் 1945 இல் வெளிவந்த 'மார்க்சியமும் கவிதையும்' என்னும் நூலில் விளக்கினார். அவரிடம் பயின்ற க. கைலாசபதி, பாணர்கள் வாய்பாடுகளைக் கொண்டே பாடல் இயற்றினர் என்பதைச் சங்கச் செய்யுள்களில் நிறுவி 1968 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். தனிமேதையின் அகத்தெழுச்சி எனக் கொள்ளப்பட்ட பாடலின் உள்ளே கூட்டு வாய்பாடு இருந்தமை அன்றைய பண்டிதர் சிலருக்கு உவப்பளிக்கவில்லை. இன்று பொறி மெட்டைக் கண்டு பதறுவோரின் மனநிலையும் ஏறக்குறைய அதுவே.

கூத்திலும் இதே முறைமை உண்டு. மன்னாரின் கத்தோலிக்க நாடகங்கள் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்தார், 1964 இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகமும் 1966 இல் மூவிராசாக்கள் நாடகமும் அவ்வாறு அச்சேறின. இத்தகைய ஏடுகளில் தரு, சிந்து, விருத்தம், கொச்சகம் எனப் பாவகை மாத்திரமே தலைப்பாகக் காணப்படும், சுரக்குறிப்பு இராது. அண்ணாவியாருக்கு அது போதும். பாவகை தெரிந்ததும் தாளக்கட்டு தெரியும். தாளக்கட்டு தெரிந்ததும் மெட்டின் சட்டகம் தெரியும். பாத்திரம் அரசனா கட்டியகாரனா என்பதற்கேற்ப நடை மாறும். முதியவர் குறிப்பிட்ட ஒற்றுமை இதுவே.

ஆயின் இரண்டும் ஒன்றல்ல. கூத்து மெட்டின் சட்டகம் சொல்லின் சந்தத்திலிருந்து எழுவது. மென்பொருளின் சட்டகம் சுரக்கூட்டிலிருந்து எழுவது. சுரக்கூட்டு என்பது ஐரோப்பிய இசையின் குறிப்பிட்ட வரலாற்றுக் கட்டத்திற் பிறந்த ஒழுங்கு. அதனை இசையின் இயல்பான பொதுவிதியாக மென்பொருள் எடுத்துக்கொள்கின்றது. இதனால் நேரும் இழப்பை ஓர் உதாரணத்தால் உணரலாம். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுவரிசையும் இறங்குவரிசையும் ஒன்றே. கமகத்தாலும் நடையாலும் பிடிகளாலுமே அவை வேறுபடுகின்றன. சுரங்களின் பட்டியலை மாத்திரம் அறிந்த பொறிக்கு அவை ஒரே இராகம். இது பொறியின் பிறவிக் குறை என்று கூறுவதற்கில்லை. சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் உருவாக்கிய காயகா என்னும் மென்பொருள் கமகத்தையும் கருத்திற் கொண்டு கர்நாடக இசைக்கெனவே செய்யப்பட்டது. எவ்விசையை அளவுகோலாகக் கொள்வது என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை; அதனைச் செய்விப்போரின் சந்தை தீர்மானிக்கின்றது. அம்பாவுக்குச் சந்தை இல்லை.

இங்குதான் உடைமை பற்றிய வினா எழுகின்றது. தன் விருப்பிற்குப் பாடும் பாடகியும் முதலாளி ஒருவரின் இலாபத்துக்காகக் கூலிக்குப் பாடும் பாடகியும் ஒரே பாட்டைப் பாடினும் உற்பத்தி உறவில் வேறானவர்கள் என்பதை மார்க்ஸ் தெளிவுபடுத்தினார். பொறியோ பாடகியே இல்லாமற் பாடுகின்றது. ஆனால் அதனுள்ளே சேமிக்கப்பட்டிருப்பது பாடியோரின் உழைப்பே. 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்கு 1986 இல் கணினி பயன்பட்டபோது வியந்தோர் பலர். வாத்தியக்காரரின் நாட்கூலி பற்றி நினைத்தோர் எத்தனை பேரோ. 2024 இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் மீட்டபோது, குடும்பத்தினரின் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். குரலுக்கு உரியவரைச் சுட்ட முடிந்தமையால் அங்கே பணம் செல்ல ஓரிடம் இருந்தது. அம்பாவின் சுர அசைவுக்கு உரியவர் யார்? கரையில் நின்று இழுத்த அத்தனை பேரும் என்பதே விடை. சட்டம் அத்தனை பேரையும் ஆக்கியோராகக் காண்பதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் அச்சட்டம் வருவதற்குப் பயன்படுத்துவோர் அனுமதி பெறவேண்டியது அரசு குறிக்கும் அதிகாரியிடம், பாடிய கிராமத்தாரிடமன்று. மேலும் அது மீளாக்கத்தை மனங்கொண்டு இயற்றப்பட்டது. பொறி பாடலைப் பிரதி செய்வதில்லை. பாடலின் பாங்கை உறிஞ்சிக்கொண்டு வேறொன்றைத் தருகின்றது. பாங்குக்குச் சொந்தக்காரர் இல்லை எனச் சட்டம் வாளாவிருக்க, பாங்கை அடக்கிய மென்பொருளுக்கு மாத்திரம் சொந்தக்காரர் இருக்கின்றார்.

இன்னொரு செய்தியையும் இவ்விடத்திற் குறிப்பிடல் தகும். வடபகுதிக் கரைகள் சிலவற்றிலே கரைவலையை இன்று உழவு இயந்திரம் இழுக்கின்றது. கடற்றொழிலாளரின் அமைப்புகள் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்துள்ளன. அவர்களது கவலை கடலடி பற்றியது, வேலை இழப்புப் பற்றியது. பாட்டைப் பற்றி எவரும் மனுக் கொடுக்கவில்லை. ஆயினும் இழுக்கும் கைகள் இல்லாதவிடத்து அடியெடுத்துக் கொடுப்பதற்கும் தேவையில்லை. நாட்டார் பாடல்களை ஒலிப்பதிவு செய்து பேணுவது நல்ல பணிதான். அப்பணியில் எமக்கும் பங்குண்டு. எனினும் தொழில் போனபின் எஞ்சும் ஒலிப்பதிவு பொறிக்கான மூலப்பொருளாகிவிடுவது எளிது என்பதை ஆய்வாளராகிய நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

வெள்ளாங்குளத்து இளைஞரின் மெட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கூறிவிடுகின்றோம். மாலையிற் பாடகர் குழு அதனைப் பாடிப் பார்த்தது. முதலடி 'ஆண்டவரே' எனத் தொடங்கிற்று. மெட்டோ 'ஆ' என்னும் நெடிலை மென்மையான அடியில் நொடிப்பொழுதில் தட்டிவிட்டு, 'வ' என்னும் குறிலை நான்கு எண்ணிக்கைக்கு இழுத்தது. சிறுமியர் இருவர் சிரித்துவிட்டனர். முதியவர் தொடையில் தட்டித் தன்னானம் சொல்லிப் பார்த்தார். சொல்லை ஓர் அடி முன்னே தள்ளி, 'ஆ'வை நிறுத்தி, இறுதியிற் சற்றே அசைத்துப் பாடிக் காட்டினார். சுரக்கூட்டுகள் அப்படியே இருந்தன; பாட்டு நிமிர்ந்துகொண்டது. இளைஞர் அத்திருத்தத்தைத் தொலைபேசியிற் சேர்க்க முயன்றார். அடியை நகர்த்த முடிந்தது. அசைவுக்கு அதில் இடமில்லை. பாடகர் குழுத் தலைவி தமது பாட்டுக் கொப்பியை எடுத்து, 'ஆ'வுக்கு மேலே பென்சிலால் ஒரு வளைகோடு போட்டுக்கொண்டார்.